கேம் தீட்டியவர்கள்

மோட்டார் வண்டியின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் ஆலை அதிபர்களின் பெயர்களையும், அவர்கள் ஆண்டுதோறும் வெளியிட்ட புதிய மாதிரிகளின் அழகையும், பந்தயங்களில் பரிசு பெற்ற சாரதிகளின் தீரத்தையும் விஸ்தாரமாகச் சொல்வார்கள். ஆனால் யந்திரத்தின் வயிற்றுக்குள் எவர் கண்ணிலும் படாமல் எண்ணெயில் நனைந்தபடி சுழலும் ஓர் இரும்புத் தண்டையும், அதன் மேடுகளை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு அளவுக்குத் தீட்டித் தீட்டி ஒரு தொழிலையே உண்டாக்கிய மனிதர்களையும் இரண்டொரு வரியில் கடந்து போய்விடுவார்கள். கேம்ஷாஃப்ட் என்று நம் ஊர்ப் பட்டறைகளிலும் வழங்கும் அந்தத் தண்டே யந்திரம் எப்போது மூச்சை உள்ளிழுக்க வேண்டும், எப்போது வெளிவிட வேண்டும் என்பதை நிர்ணயிக்கிறது. ஆலை கொடுத்த தண்டை எடுத்துவிட்டு வேறு வடிவில் தீட்டிய தண்டைப் பொருத்தினால் வேகம் கூடும் என்பதையும், கூடிய வேகத்துக்கு ஈடாக வண்டி நிற்கும்போது யந்திரம் சீராக ஓடும் குணம், அதாவது ஐடிலிங், கெட்டுப்போகும் என்பதையும் தம் கைகளால் கண்டறிந்து, எவ்வளவு பெறுவது, எவ்வளவு இழப்பது என்று கணக்கிடுவதையே ஒரு கலையாக வளர்த்தவர்கள் அமெரிக்க நாட்டின் தெற்குக் கலிபோர்னியாவில், 1920 முதல் 1960 வரையிலான நாற்பது ஆண்டுகளில் வாழ்ந்த பட்டறைக்காரர்கள் ஆவார்கள். அவர்களுடைய தொழிலின் வரலாற்றையே இங்கே சொல்லப் புகுகிறோம்.

வரலாற்றுக்கு முன் யந்திரத்தின் தர்மத்தைச் சிறிது தெரிந்துகொள்வது நலம். நான்கு ஸ்ட்ரோக் யந்திரத்தில் பிஸ்டன் முதலில் கீழிறங்கிக் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை உறிஞ்சுகிறது. பிறகு மேலேறி அதை அழுத்துகிறது. கலவை தீப்பற்றி விரியும் வேகத்தில் மறுபடி கீழே தள்ளப்படுகிறது. இறுதியில் மேலேறிப் புகையை வெளியேற்றுகிறது. இந்த நான்கு செயல்களும் முடிவதற்குள், பிஸ்டனால் சுழற்றப்படும் கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றிவிடும். கேம்ஷாஃப்டோ அதற்குப் பாதி வேகத்தில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, கேம் எனப்படும் தன் மேடுகளால் இன்லெட் வால்வையும் எக்ஸாஸ்ட் வால்வையும் உரிய தருணத்தில் தூக்கி இறக்கும். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது இன்லெட் வால்வு திறந்து, அடியில் இருக்கும்போது மூடினால் போதுமே என்று புத்தகப் படத்தைப் பார்ப்பவர்க்குத் தோன்றும். நிமிஷத்துக்கு 600 சுற்று ஓடும்போது ஒரு ஸ்ட்ரோக்குக்கு ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் கிடைக்கிறபடியால் அந்த எண்ணம் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். 6000 சுற்று ஓடும்போதோ அதே செயலுக்கு ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்குதான் கிடைக்கும். அத்தனை சொற்ப காலத்தில் காற்று அசைந்து, வேகம் பிடித்து, சிலிண்டரை நிரப்ப இயலாது. ஆகையால் இன்லெட் வால்வை முன்கூட்டியே திறந்து, பிஸ்டன் திரும்பி மேலேறத் தொடங்கிய பின்னும் சற்று நேரம் திறந்தே வைக்க வேண்டியிருக்கிறது. கோயில் வாயிலில் திருவிழாக் கூட்டம் நெருக்கியடித்து வரும்போது, உள்ளே இடம் குறைந்துவிட்டாலும் பின்னால் வருகிறவர்களின் உந்துதலால் முன்னால் இருப்பவர்கள் உள்ளே போய்ச் சேர்வதுபோல, வேகம் கொண்ட காற்றும் பிஸ்டனின் எதிர்ப்பை மீறி உள்ளே புகுந்துவிடும்.

அதிவேகத்தில் அமிர்தமாகிற இந்த ஏற்பாடே தாழ்ந்த வேகத்தில் விஷமாகிறது. இன்லெட் முன்கூட்டித் திறப்பதாலும் எக்ஸாஸ்ட் தாமதித்து மூடுவதாலும் இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் இடைவேளை ஒன்று உண்டாகிறது; அதைத்தான் ஓவர்லாப் என்கிறார்கள். யந்திரம் மெதுவாக ஓடும்போது இன்லெட் குழாயில் வெற்றிடம் மிகுந்திருப்பதால், வெளியே போக வேண்டிய புகையே அந்த இடைவேளையில் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுப் புதிய கலவையை அசுத்தப்படுத்துகிறது. அசுத்தமான கலவை சில முறை பற்றுகிறது, சில முறை பற்றாமல் போகிறது. அதன் பலனாக யந்திரம் ஒரே தாளத்தில் ஓடாமல் விட்டுவிட்டு உறுமுகிறது, வண்டி முழுவதும் அதிர்கிறது, சில சமயம் சிக்னலில் நின்றேவிடுகிறது. ஆலைக்காரர்கள் தங்கள் தண்டுகளில் ஓவர்லாப்பைக் குறைத்து வைத்ததன் காரணம் அவர்களுக்கு விவரம் போதாமையன்று. வைத்தியரும் வியாபாரியும் வாங்கி ஊருக்குள் ஓட்டும் வண்டி முதலில் அமைதியாக நிற்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற விவேகமேயாகும்.

ஆதியில் இந்தப் பிரச்சினையே எழவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓடிய மோட்டார்களில் இன்லெட் வால்வைத் தூக்கக் கேம் என்று தனியே கிடையாது. மெல்லிய ஸ்பிரிங்கின் பிடியில் இருந்த அந்த வால்வு, பிஸ்டன் இறங்கும்போது உண்டாகும் வெற்றிடத்தால் தானே திறந்துகொள்ளும். வேகம் கூடக்கூட அந்த உபாயம் கைகொடுக்காமற்போகவே, இரண்டு வால்வுகளையும் கேம்களே இயக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஸ்திரமாகிவிட்டது. 1908-ல் வெளிவந்து பத்தொன்பது ஆண்டுகளில் ஒன்றரைக் கோடி வண்டிகளாகப் பெருகிய ஃபோர்டு டி மாடலின் யந்திரம் 20 குதிரை சக்தி கொண்டது. அது மலிவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் இருந்தபடியால், கைப்பொருள் குறைந்த இளைஞர்கள் அதைப் பிரித்துப் பார்ப்பதற்கும் மாற்றிப் பார்ப்பதற்கும் அஞ்சவில்லை. முதல் உலக யுத்தத்துக்குப் பின் அந்த யந்திரத்துக்கென்று விசேஷமான சிலிண்டர் ஹெட்டுகளும் கார்புரேட்டர்களும் தண்டுகளும் செய்து விற்கிறவர்கள் தோன்றினார்கள்.

அவர்களுள் தலைமை பெற்றவர் எட் வின்ஃபீல்டு. 1901-ல் பிறந்த இவர், பந்தய யந்திரங்களைச் சிற்பங்களைப்போல் வடித்துக்கொடுத்த ஹாரி மில்லரின் பட்டறையில் சிறுவயதிலேயே வேலைக்குச் சேர்ந்து, கார்புரேட்டரின் நுட்பங்களையும் கேம் வடிவத்தின் நுட்பங்களையும் கற்றார்; தாமே மண் பாதைகளில் பந்தயம் ஓட்டியும் பார்த்தார். கேம் தீட்டும் யந்திரம் ஒன்றைத் தமக்கென அமைத்துக்கொண்டு, தம் மனத்தில் உதித்த வடிவத்தில் தண்டைத் தீட்டி, அதைத் தம் வண்டியிலேயே பூட்டி ஓடவிட்டு, குறையைக் கண்டு மறுபடி தீட்டுவது அவருடைய வழக்கம். அவர் செய்த கார்புரேட்டர்களும் தண்டுகளும் இண்டியானாபொலிஸ் பந்தயம் வரைக்கும் சென்றன. ஆனால் வின்ஃபீல்டு ஏகாந்தப் பிரியர். தமது அளவுகளைப் பிறருக்குத் தாராளமாகச் சொல்லும் சுபாவமும், தம் பெயரை விளம்பரம் செய்துகொள்ளும் ஆசையும் அவருக்கு இல்லை. ஆகவே அக்காலத்தில் கேம் தீட்டும் கலை, குருவின் மனம் கனிந்தாலன்றிச் சீடனுக்குக் கிட்டாத இரகசிய வித்தையாகவே இருந்தது. ஒரு தண்டு நன்றாக ஓடிற்று என்றால் ஏன் ஓடிற்று என்பதை வாங்கியவன் அறியான். அது நின்ற இடத்தில் முனகி அணைந்துபோனால் அதற்கும் காரணம் அறியான்.

இந்த வித்தைக்குப் பெரிய களம் அமைத்துக் கொடுத்தவை மோஹாவே பாலையின் வறண்ட ஏரிகள். லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துக்கு வடக்கே மலைகளைக் கடந்து சென்றால், மழைக்காலத்தில் மட்டும் நீர் தேங்கி மற்றக் காலங்களில் பலகைபோல இறுகிக் கிடக்கும் மியூராக், எல் மிராஜ் முதலிய ஏரிப்படுகைகள் மைல் கணக்கில் விரிந்திருக்கும். அங்கே வார இறுதிகளில் இளைஞர்கள் கூடி, மட்கார்டையும் கண்ணாடியையும் கழற்றியெறிந்த பழைய ஃபோர்டுகளை ஓட்டி வேகத்தை அளந்தார்கள். ஒழுங்கின்றி நடந்த இந்த ஓட்டங்களை நெறிப்படுத்த 1937-ல் பல சங்கங்கள் ஒன்றுகூடித் தெற்குக் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்ற அமைப்பை நிறுவின. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1932-ல், ஹென்றி ஃபோர்டு எட்டு சிலிண்டர் கொண்ட வி-8 யந்திரத்தைச் சாமானியரும் வாங்கத்தக்க விலையில் கொடுத்திருந்தார். 221 கன அங்குலமும் 65 குதிரை சக்தியும் கொண்ட அந்த யந்திரத்தில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே அமைந்திருந்ததால் அதன் ஹெட் தட்டையாக இருந்தது. ஃபிளாட்ஹெட் என்ற பெயர் அதனால் வந்தது. பழைய வண்டிகளில் இருந்து அது சில டாலருக்குக் கிடைக்கத் தொடங்கியதும் ஏரிப்படுகைகளின் ஏகசக்ராதிபதியாயிற்று.

அந்நாளில் புதிய தண்டை வார்த்துச் செய்வது எளிதன்று. ஃபோர்டின் சொந்தத் தண்டையே எடுத்து அதன் மேடுகளை மறுபடி தீட்டுவார்கள். மேட்டின் உச்சியில் இரும்பைச் சேர்க்க இயலாது; ஆனால் மேடு இல்லாத வட்டப்பகுதியைத் தேய்த்துச் சிறிதாக்கினால் உச்சிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் கூடி, வால்வு முன்னிலும் உயரமாகத் தூக்கப்படும் என்பது அவர்கள் கண்ட உபாயம். வட்டம் சிறுத்துவிட்டபடியால் தண்டுக்கும், அதன் மேட்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் டாப்பெட்டுக்கும் இடையில் இடைவெளி கூடும். ஃபோர்டு கொடுத்த டாப்பெட்டுகளோ திருகி ஏற்றி இறக்கக் கூடியவை அல்ல. ஆகவே திருகு வைத்த டாப்பெட்டுகளைத் தனியே வாங்கிப் பூட்ட வேண்டியிருந்தது. இவ்விதம் தீட்டிய தண்டுகளை அரைப் பந்தயம், முக்கால் பந்தயம், முழுப் பந்தயம் என்று தரம் பிரித்து விற்றார்கள். முக்கால் பந்தயத் தண்டு ஊருக்குள்ளும் ஓரளவு அடங்கி ஓடும். முழுப் பந்தயத் தண்டோ ஏரிப்படுகைக்கு மட்டுமே உரியது, கடைத்தெருவுக்கு ஆகாது. தரத்தின் பெயரே, வாங்குகிறவன் தன் அன்றாட சௌகரியத்தில் எவ்வளவைத் தியாகம் செய்யத் துணிந்தான் என்பதைக் காட்டிற்று.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது மியூராக் படுகை ராணுவ விமானத் தளமாகி இளைஞர்களுக்கு மூடப்பட்டது. இளைஞர்களும் போர்முனைக்குப் போனார்கள். போர் முடிந்து திரும்பியவர்களிடம் கையில் கொஞ்சம் பணமும், ராணுவத்தில் கற்ற யந்திர ஞானமும், வேகத்தில் அடங்காத தாகமும் இருந்தன. எல்லோரும் ஒரே சமயத்தில் தண்டு கேட்டு வந்ததால், தீட்டுகிறவர்களிடம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. அப்படிக் காத்திருந்து சலித்தவர்களுள் ஒருவர் எட் இஸ்கென்டேரியன். ஆர்மீனியக் குடும்பத்தில் 1921-ல் கலிபோர்னியாவில் பிறந்த அவர், போருக்குப் போகும் முன்பே ஒரு டி மாடல் உடலில் ஃபோர்டு வி-8-ஐப் பூட்டி ஏரிப்படுகையில் மணிக்கு 120 மைல் ஓட்டியவர். பிறர் கையை எதிர்பார்ப்பதைவிடத் தாமே தீட்டுவது மேல் என்று துணிந்து, சாதாரணக் கிரைண்டிங் யந்திரம் ஒன்றைக் கேம் தீட்டுவதற்கேற்ப மாற்றியமைத்து, கல்வர் சிட்டியில் சிறு பட்டறை ஒன்றைத் தொடங்கினார். 1948 ஜனவரியில், இப்படி வேகத்துக்காக மாற்றியமைத்த வண்டியின் பெயரையே தாங்கி, ஹாட் ராட் என்னும் பத்திரிகை பிறந்தது. அவ்வாண்டு ஜூன் இதழின் அட்டையை இஸ்கென்டேரியனின் வண்டியே அலங்கரித்தது. வின்ஃபீல்டு மௌனத்தால் பெற்ற மதிப்பை இஸ்கென்டேரியன் பேச்சால் பெற்றார் எனலாம். விளம்பரங்களிலும் விலைப்பட்டியல்களிலும் தண்டின் அளவுகளை அச்சிட்டு, எந்த யந்திரத்துக்கு எந்தத் தண்டு ஏற்றது, அதை எப்படிப் பூட்டுவது, டாப்பெட் இடைவெளி எவ்வளவு என்பதை நாட்டின் மறுகோடியில் இருக்கும் கிராமத்து இளைஞனும் படித்தறியும்படி செய்தார். இரகசிய வித்தை பகிரங்க வியாபாரமானது அந்தப் பத்தாண்டில்தான்.

அதே தலைமுறையில் லாங் பீச்சைச் சேர்ந்த கிளே ஸ்மித்தின் கீர்த்தி வேறு விதமானது. தண்டு தீட்டுவதோடு நில்லாமல், தீட்டிய தண்டைக் குறிப்பிட்ட யந்திரத்துக்கும் குறிப்பிட்ட பாதைக்கும் இசைவாக டியூன் செய்வதில் அவருக்கு நிகரானவர் அன்று இல்லை என்று சொல்வார்கள். 1952-ல் இருபத்திரண்டே வயதான டிராய் ரட்மன் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் வென்றபோது அவருடைய வண்டியின் தலைமை மெக்கானிக் கிளே ஸ்மித்தே. இரண்டு ஆண்டுகள் கழித்து இல்லினாய் மாகாணத்தின் டூ குவோயின் பந்தயத்தில், பாதையை விட்டு விலகிய வண்டி ஒன்று மோதி அவர் உயிர் நீத்தார். அவருடைய பெயர் தாங்கிய கேம் பட்டறையும், சுருட்டைக் கடித்தபடி முறைக்கும் மரங்கொத்தி இலச்சினையும் அவருக்குப் பின்னும் நிலைத்தன.

தண்டைத் தீட்டுவது ஒரு பாதி என்றால், அதைப் பூட்டி வால்வுகள் திறந்து மூடும் தருணத்தைச் சரிசெய்வது, அதாவது டைமிங் வைப்பது, மறுபாதி. ஆலையில் போட்ட குறிகளை நேருக்கு நேர் பொருத்தினால் தண்டு சரியாக நின்றுவிடும் என்று நம்பியவர்கள் பலமுறை ஏமாந்தார்கள். பல்சக்கரத்தின் பல்லிலும், சாவி பொருத்தும் பள்ளத்திலும், தீட்டிய கல்லின் தேய்மானத்திலும் சிறு பிழைகள் சேர்ந்து இரண்டு மூன்று டிகிரி வரை தண்டை இடம் மாற்றிவிடக் கூடும். ஆகவே தேர்ந்த பட்டறைகளில் ஒரு கிரமம் உருவாயிற்று. முதலில் கிராங்க்ஷாஃப்டின் முனையில் 360 டிகிரியும் பொறித்த வட்டத் தகட்டை மாட்டுவார்கள். உச்சிக்கு அருகில் பிஸ்டன் சில டிகிரி தூரம் அசையாததுபோலவே தோன்றும் ஆதலால், உண்மையான உச்சியைக் கண்ணால் காண இயலாது. அதற்காகச் சிலிண்டரின் மேல் ஒரு தடையை வைத்து, கிராங்க்கை வலப்புறமாகச் சுற்றிப் பிஸ்டன் முட்டும் இடத்தையும், இடப்புறமாகச் சுற்றி முட்டும் இடத்தையும் குறித்து, இரண்டுக்கும் நடுவை உச்சி என்று கொள்வார்கள். பிறகு டாப்பெட்டின்மேல் டயல் கேஜை நிறுத்தி, மேட்டின் உச்சிக்கு முன்னும் பின்னும் சமமான உயரம் காட்டும் இரண்டு இடங்களைப் படித்து, அவற்றின் நடுவை இன்லெட் மேட்டின் மையமாகக் கொண்டு, தீட்டியவர் அனுப்பிய அட்டையில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவார்கள். வித்தியாசம் இருந்தால், சற்றே விலகித் துளையிட்ட புஷ்ஷையோ விலகல் சாவியையோ போட்டுத் தண்டை முன்னோ பின்னோ நகர்த்துவார்கள். தண்டை நான்கு டிகிரி முன்னால் வைத்தால் இன்லெட் வால்வு சீக்கிரம் மூடித் தாழ்ந்த வேகத்தில் இழுவை கூடும். பின்னால் வைத்தால் உச்ச வேகத்தில் சக்தி கூடி, புறப்படும்போது சோர்வு தட்டும்.

இவ்விடத்தில் அனுபவசாலிகள் மட்டும் அறிந்திருந்த ஓர் உண்மை உண்டு. ஒற்றைத் தண்டு உள்ள யந்திரத்தில் இன்லெட் மேடும் எக்ஸாஸ்ட் மேடும் ஒரே இரும்பில் அமைந்திருப்பதால், தண்டை எவ்வளவு நகர்த்தினாலும் ஓவர்லாப்பின் அளவு மாறாது. அது தீட்டிய அன்றே நிர்ணயமாகிவிட்டது. மில்லர், ஆஃபன்ஹவுசர் முதலிய பந்தய யந்திரங்களில் இரண்டு தண்டுகள் தனித்தனியே இருந்தமையால், ஒன்றை விட்டு ஒன்றை நகர்த்தி ஓவர்லாப்பையே கூட்டவும் குறைக்கவும் இயன்றது. ஃபிளாட்ஹெட் வைத்திருந்த ஏழை இளைஞனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவனுக்குத் தண்டைத் தேர்ந்தெடுக்கும் வேளையிலேயே விவேகம் வேண்டியிருந்தது.

தேர்வில் தவறியவனும் ஐடிலிங்கைச் சமாளித்தாக வேண்டும் அல்லவா? அதற்கும் ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. யந்திரம் நன்றாகச் சூடேறிய பின் முதலில் டாப்பெட் இடைவெளியைச் சரிபார்ப்பார்கள். ஏனெனில் அது அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு மாறினாலும் வால்வு திறக்கும் தருணமும் மாறும். அடுத்தது தீப்பொறி. புகை கலந்த கலவை மெதுவாக எரிவதால், அதற்கு முன்கூட்டியே தீயிட வேண்டும். ஆகவே டிஸ்டிரிபியூட்டரைத் திருப்பி, நிற்கும் வேகத்தில் இக்னிஷனை ஆலை சொன்ன அளவைவிடச் சில டிகிரி முன்னேற்றுவார்கள். மூன்றாவது கார்புரேட்டர். இன்லெட் குழாயில் வாக்குவம் கேஜை மாட்டி, கலவைத் திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பி, முள் எந்த இடத்தில் உயர்ந்து அதிகம் துடிக்காமல் நிற்கிறதோ அங்கே விடுவார்கள். ஆலைத் தண்டு கொண்ட யந்திரத்தில் பாதரச அளவில் 18 முதல் 20 அங்குலம் காட்டும் அந்த முள், பெரிய தண்டு போட்டதில் 10-ஐ எட்டவே தயங்கும். யந்திரம் அணையாமல் இருக்க ஆக்ஸிலரேட்டர் திருகை அதிகம் ஏற்றினால், கார்புரேட்டரின் தகடு ஐடிலிங் துவாரங்களைத் தாண்டித் திறந்துவிட, கலவைத் திருகுகள் செயலற்றுப்போகும்; அதற்குப் பரிகாரமாகத் தகட்டிலேயே சிறு துளையிட்டு வேண்டிய காற்றை அதன் வழியே விட்டு, தகட்டைப் பழைய இடத்துக்கு மூடிக் கொண்டுவருவதும் கைகண்ட வழக்கம். இரண்டு மூன்று ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர்களை வரிசையாகப் பூட்டியவர்கள் ஒவ்வொன்றும் சமமாக மூச்சுவிடுகிறதா என்று பார்ப்பதில் மாலைப் பொழுதுகளைக் கழித்தார்கள். இத்தனைக்கும் பின் 900 அல்லது 1000 சுற்றில் ஒருவாறு நின்று ஓடுமாறு செய்தாலும், வாக்குவத்தால் இயங்கிய அக்கால வைப்பர் மழையில் பாதி வழியில் சோர்ந்து நின்றுவிடும்!

வியப்பு என்னவென்றால், எந்தக் குறையை மறைக்க இவ்வளவு பிரயாசை நடந்ததோ அதுவே இளைஞர்களிடையே கௌரவச் சின்னமாகிவிட்டது. சீரற்று உறுமும் யந்திரம் உள்ளே பெரிய தண்டு இருப்பதைப் பிரகடனம் செய்ததால், அந்தச் சப்தத்தைக் கேட்டே எதிராளி பந்தயத்துக்கு அஞ்சினான். 1950-ல் கலிபோர்னியாவின் சான்டா அனா விமானத் திடலில் கால் மைல் டிராக் பந்தயம் முறைப்படி நடக்கத் தொடங்கியது. மறு ஆண்டு தேசிய ஹாட் ராட் அசோசியேஷன் தோன்றியது. தண்டு தீட்டும் பட்டறைகளும் பெருகின. ஹோவர்டு ஜோஹான்சன், போலியோவால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே ரோலர் டாப்பெட்டை வழக்கத்துக்குக் கொண்டுவந்த செட் ஹெர்பர்ட், ஃபிளாரிடாவின் ஹாலண்டேலில் ஹார்வி கிரேன் என்று பலர் களத்தில் இறங்க, பத்திரிகைப் பக்கங்களில் விளம்பர யுத்தமே நடந்தது. ஒவ்வொருவரும் தம் தண்டு வால்வை எத்தனை டிகிரி திறந்துவைக்கிறது என்று பெரிய எண்களைப் போட்டார்கள். ஆனால் வால்வு எவ்வளவு எழும்பியதில் இருந்து எண்ணத் தொடங்குவது என்பதில் ஒற்றுமை இல்லாமையால், ஒருவர் எண்ணை மற்றவர் எண்ணோடு ஒப்பிட வழியே இல்லாமற் போயிற்று. டாப்பெட் 0.050 அங்குலம் எழும்பிய இடத்தில் இருந்து அதே உயரத்துக்கு இறங்கும் இடம் வரை எண்ணுவது என்ற பொது முறை காலக்கிரமத்தில் நிலைபெற்றது; அதைப் பரப்பியவர்களுள் கிரேன் முதன்மையானவர். தொழிலுக்கு நாணயம் பிறந்தது அந்த முறையினால்தான் என்று துணிந்து சொல்லலாம்.

பட்டறைகளின் இந்த வித்தையை ஆலைக்குள் கொண்டுபோன பெருமை ஜோரா ஆர்கஸ்-டன்டோவைச் சேரும். பிரஸ்ஸல்ஸில் பிறந்து, ரஷ்யாவில் வளர்ந்து, பெர்லினில் கற்று, 1940-ல் அமெரிக்காவில் குடியேறிய இவர், தம் சகோதரருடன் ஃபோர்டு ஃபிளாட்ஹெட்டுக்கு ஆர்டன் என்னும் ஓவர்ஹெட் வால்வு ஹெட் செய்து ஹாட் ராட் இளைஞர்களின் மனப்போக்கை நேரில் அறிந்தவர். ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்த அதே 1953-ன் டிசம்பரில், அந்த இளைஞர்கள் முழுதும் ஃபோர்டிடமே பக்தி கொண்டிருப்பதையும், செவ்ரலேயின் புதிய வி-8-க்கு விசேஷத் தண்டு முதலிய உறுப்புகளை ஆலையே தயாரித்துக் கொடுத்தாலன்றி அவர்களைக் கவர முடியாது என்பதையும் விளக்கி மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். 1955-ல் 265 கன அங்குல செவ்ரலே வி-8 வெளிவந்ததும், அதற்குத் தாமே ஒரு தண்டை வடிவமைத்து, 1955-56 குளிர்காலத்தில் டேடோனா கடற்கரை மணலில் கார்வெட் வண்டியை மணிக்கு 150 மைலுக்கு மேல் ஓட்டிக் காட்டினார். பின்னர் 1964-ல் வந்த செவ்ரலேயின் முப்பது-முப்பது தண்டில் இரண்டு வால்வுகளுக்கும் 0.030 அங்குல இடைவெளி விட வேண்டும். 1967-ல் வெளிவந்த காமரோ இசட்-28 வண்டியிலும் அதுவே இடம் பெற்றது. பட்டறையில் மட்டும் கேட்ட சீரற்ற உறுமலை, ஆலை உத்தரவாதத்தோடு கடையில் வாங்கலாம் என்ற காலம் அப்போது பிறந்தது.

ஆனால் நிற்கும் யந்திரத்தின் ஒழுங்கீனத்துக்கு வேறொரு நீதிபதி அதே கலிபோர்னியாவில் தோன்றினார். எரியாத பெட்ரோல் ஆவியும் புகையும் சேர்ந்து லாஸ் ஏஞ்சலீஸின் வானத்தை மூடியபோது, அந்த மாகாணம் 1966-ஆம் ஆண்டு வண்டிகள் முதல் எக்ஸாஸ்ட் புகைக்கு வரம்பு விதித்தது. 1970-ல் மத்திய அரசின் தூய காற்றுச் சட்டம் கடுமையாயிற்று. ஓவர்லாப் மிகுந்த யந்திரம் நிற்கும்போதுதான் எரியாத எரிபொருளை மிகுதியாகக் கக்குகிறது என்பதால், பெரிய தண்டு சட்டத்தின் கண்ணில் குற்றவாளியாயிற்று. 1963-ல் இஸ்கென்டேரியனை முதல் தலைவராகக் கொண்டு தொடங்கிய உறுப்புத் தயாரிப்பாளர் சங்கம், வேகத்தைப் பற்றிப் பேசுவதோடு சட்டத்துக்கு உட்பட்ட தண்டுகளைப் பற்றியும் பேச வேண்டியதாயிற்று. கலிபோர்னியாவில் சாலையில் ஓட்டும் வண்டிக்கு மாற்றுத் தண்டு விற்கச் சோதனை செய்து விலக்கு உத்தரவு பெறுவது வழக்கமாயிற்று.

தீர்வு வேறு திசையில் இருந்து வந்தது. தாழ்ந்த வேகத்துக்கு ஒரு டைமிங்கும் உயர்ந்த வேகத்துக்கு வேறொரு டைமிங்கும் ஒரே யந்திரம் பெற முடிந்தால் பழைய பேரமே தேவையில்லை அல்லவா? 1980-ல் ஆல்ஃபா ரோமியோ நிறுவனம் இன்லெட் தண்டை ஓட்டத்திலேயே நகர்த்தும் ஏற்பாட்டை வெளியிட்டது. 1989-ல் ஹோண்டா நிறுவனம் தன் இன்டெக்ரா வண்டியில் வீடெக் என்ற முறையால், வேகம் கூடியதும் மேட்டையே மாற்றிக்கொள்ளும் தண்டைத் தந்தது. 1.6 லிட்டர் யந்திரம் 160 குதிரை சக்தி தந்தபோதும் சிக்னலில் அமைதியாகவே நின்றது. இன்று கம்ப்யூட்டர் விநாடிதோறும் தீப்பொறியையும் காற்றையும் திருத்துவதால், ஒரு காலத்தில் மாலை முழுவதும் எடுத்த ஐடிலிங் வேலை சில எண்களை மாற்றுவதில் அடங்கிவிட்டது. இதனிடையே விநோதம் ஒன்றும் நிகழ்ந்தது. மெம்பிஸ் நகரத்தின் காம்ப் கேம்ஸ் நிறுவனம், சீரற்ற உறுமல் வேண்டும் என்பதற்காகவே தம்பர் என்ற தண்டுகளைத் தீட்டி விற்றது. அதற்கும் ஒரு படி மேலே போய், ஆலைத் தண்டையே வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரை மட்டும் மாற்றி, யந்திரத்தை வேண்டுமென்றே தடுமாற வைக்கும் பேய்க் கேம் என்ற போலி ஐடிலிங்கும் புழக்கத்துக்கு வந்துவிட்டது. சக்தி கூடவில்லை, சப்தம் மட்டும் கூடிற்று.

நாற்பது ஆண்டுகளில் பட்டறைகளில் வளர்ந்த இந்தத் தொழிலை எடைபோடுகிறவர்கள், மிகப் பெரிய தண்டைத் தீட்டியவர் யார் என்று தேடுவது வீண். வின்ஃபீல்டின் பொறுமையும், இஸ்கென்டேரியனின் ஒளிவுமறைவற்ற பேச்சும், கிரேனின் பொது அளவையும், டன்டோவின் ஆலை அறிவும் ஒன்றுசேர்ந்து நிலைநாட்டியது ஒரே ஒரு கொள்கைதான்: ஓட்டுகிறவன் உண்மையில் எந்த வேகத்தில் பெரும்பான்மை நேரம் ஓட்டுகிறானோ அந்த வேகத்துக்கே தண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பூட்டிய பின் ஊகத்தை நம்பாமல் டிகிரி வட்டத்தையும் டயல் கேஜையும் நம்ப வேண்டும். உறுமலைக் கேட்டு மயங்கிப் பெரிய தண்டை வாங்கியவர்களில் பலர், ஆலைத் தண்டோடு வந்த எதிராளியிடம் சிக்னலில் இருந்து புறப்படும்போதே தோற்றிருக்கிறார்கள். அளவறிந்து தேர்ந்து, அளந்து பூட்டியவர்களின் வண்டிகளே பந்தயத்திலும் வென்றன, வீட்டுக்கும் நலமாகத் திரும்பின.